ரைடிங் மோவர் ஸ்பிண்டில் செட்: ஹவுசிங்குக்காக வாங்கலாம், பேரிங்குக்காக வேண்டாம்

ரைடிங் மோவரின் (உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி) டெக்கில், அதாவது பிளேடுகளை மூடியிருக்கும் தகட்டுக் கூட்டில், பிளேடைத் தாங்கிச் சுழற்றும் ஸ்பிண்டில் தேய்ந்துபோனால் வழி மூன்று. மோவர் கம்பெனியின் அசல் ஸ்பிண்டிலையே வாங்கிப் பூட்டலாம். வெளித் தயாரிப்பாளர்கள் "இந்த மாடலுக்குப் பொருந்தும்" என்று விற்கும் முழு செட்டை வாங்கலாம். பழைய ஹவுசிங்கை (வெளிக் கூடு) வைத்துக்கொண்டு பேரிங் இரண்டை மட்டும் மாற்றலாம். இங்கே எடைபோடுவது நடுவில் சொன்னதை: ஹவுசிங், ஷாஃப்ட் (நடுத் தண்டு), பேரிங், ஸ்பேசர் (இரு பேரிங்குக்கும் நடுவே நிற்கும் குழாய்த் துண்டு), நட், சில பெட்டிகளில் புல்லியும் (பெல்ட் ஓடும் சக்கரம்) போல்ட்டும் சேர்ந்து வரும் வெளிச் சந்தை செட்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அந்த செட்டின் அலுமினிய வார்ப்பும் ஷாஃப்ட்டும் பெரும்பாலும் கொடுத்த காசுக்குத் தகும். உள்ளே வரும் பேரிங் தகாது. கூட வரும் புல்லியைச் சோதிக்காமல் பூட்டவே கூடாது. ஹவுசிங்கின் துளையோ ஷாஃப்ட்டோ கெட்டுப்போனவர்களுக்கு இது நல்ல பொருள். பேரிங் மட்டும் கத்துகிறது என்றால் தேவையில்லாத செலவு.

அதனால் காசை எடுக்கும் முன் எது போயிருக்கிறது என்று தெரிய வேண்டும். சாவியை எடுத்து, ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி ஒதுக்கி, டெக்கை உறுதியாக முட்டுக் கொடுத்த பிறகுதான் கை அடியில் போக வேண்டும். பெல்ட்டை அவிழ்த்துவிட்டு ஒவ்வொரு ஸ்பிண்டிலையும், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் ஒவ்வொரு ஐட்லர் சக்கரத்தையும் தனித்தனியாகக் கையால் சுழற்றுங்கள். பெல்ட் மாட்டியிருக்கும்போது எல்லாச் சத்தமும் ஒன்றாகக் கலந்து டெக் முழுக்கப் பரவும். ஸ்பிண்டில் என்று நினைத்த உறுமல் பல நேரம் ஐட்லரிலிருந்து வரும். நல்ல பேரிங் சத்தமில்லாமல், கிரீஸின் மெல்லிய பிடிப்போடு சுற்றி நிற்கும். மணல் அரைப்பது போன்ற உணர்வு விரலுக்குத் தெரிந்தால் அது முடிந்துவிட்டது. தடையே இல்லாமல் வெகுநேரம் சுற்றிக்கொண்டே இருப்பதும் நல்ல அறிகுறி அல்ல. உள்ளே கிரீஸ் காய்ந்துவிட்டது என்று பொருள்.

அடுத்தது ஆட்டம். கையுறை போட்டுக்கொண்டு பிளேடின் இரு நுனியையும் பிடித்து மேலும் கீழுமாக அசைக்க வேண்டும். டக்கென்று ஒரு தட்டல் கையில் தெரிந்தால் பேரிங்கோ, அது உட்காரும் இடமோ தேய்ந்திருக்கிறது. எது என்பதை மேலே இருந்து பார்க்கலாம்: ஒருவர் பிளேடை அசைக்க, இன்னொருவர் பேரிங்கின் வெளி ரேஸில் (வெளி வளையத்தில்) விரல் வைக்க வேண்டும். ரேஸ் அசையாமல் ஷாஃப்ட் மட்டும் அசைந்தால் பேரிங். ரேஸும் சேர்ந்து அசைந்தால் ஹவுசிங்கின் துளை.

ஷாஃப்ட் வளைந்திருக்கிறதா என்பதற்கும் எளிய சோதனை உண்டு. பிளேடு நுனியிலிருந்து தரைவரை அளந்து, அதே இடத்துக்கு மறு நுனியைச் சுற்றிக் கொண்டுவந்து மீண்டும் அளக்க வேண்டும். 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது. இப்போது பிளேடைக் கழற்றி 180 டிகிரி திருப்பி மாட்டி மறுபடி அளங்கள். தாழ்ந்த பக்கம் பிளேடோடு கூடவே போனால் பிளேடு வளைந்தது. ஷாஃப்ட்டின் அதே பக்கத்திலேயே நின்றால் ஷாஃப்ட் வளைந்தது. மரவேரிலோ கல்லிலோ அடித்த மோவரில் இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டுப் பேரிங் மாற்றினால் புதுப் பேரிங்கும் சீக்கிரமே போகும். டெக்கின் தகடும் ஸ்பிண்டில் உட்காரும் இடத்தில் விரிசல் விட்டிருக்கலாம். கம்பித் தூரிகையால் அந்த இடத்தைச் சுத்தம் செய்து பார்த்துவிடுங்கள். விரிசல் விட்ட தகட்டில் எந்த ஸ்பிண்டிலும் நேராக நிற்காது.

பெட்டியைப் பிரித்ததும்

பழைய ஸ்பிண்டிலைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் புதியதைத் தூக்கி டெக்கில் வைக்காதீர்கள். பாக எண் பொருந்துகிறது என்பது போதாது. ஷாஃப்ட்டின் மொத்த நீளம், புல்லி உட்காரும் தோளின் உயரம், ஹவுசிங் அடித்தட்டிலிருந்து பிளேடு உட்காரும் முகம்வரை உள்ள தூரம் ஆகிய மூன்றும் ஒத்துப்போக வேண்டும். புல்லித் தோள் உயரம் மாறினால் பெல்ட் ஒரே தளத்தில் ஓடாது; ஓரம் நூல் நூலாகப் பிரிந்து, கடைசியில் புரண்டு விழும். பிளேடு முகம் மாறினால் ஒரு பிளேடு உயரத்திலும் இன்னொன்று தாழ்விலும் வெட்டும். பிளேடின் துளை வடிவத்தையும் பாருங்கள். ஐந்து முனை நட்சத்திரம், ஆறு முனை நட்சத்திரம், வட்டம் எனப் பல உண்டு. ஒத்துப்போகாத பிளேடை அரத்தால் ராவிப் பொருத்துவது ஆபத்தான வேலை.

வார்ப்பில் பார்க்க வேண்டியது போல்ட் துளைகளைச் சுற்றிய சதை. அங்கே பொடிப்பொடிக் குழிகள் தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள், மரை பிடிக்காது. மற்றபடி இந்த வகை செட்டுகளில் வார்ப்பும் கடைசலும் நம்பும்படியே இருக்கின்றன. எங்கள் மதிப்பீட்டில் செட்டின் உண்மையான மதிப்பு அதில்தான்.

பேரிங்

மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு பந்துப் பேரிங். வீட்டுத் தோட்ட மோவர்களில் அடிக்கடி வருவது 6203: உள் விட்டம் 17, வெளி விட்டம் 40, அகலம் 12 மி.மீ. அடுத்த அளவு 6204: 20, 47, 14. கனமான டெக்குகளில் 6205: 25, 52, 15. எண்ணைப் பேரிங்கின் சீல் (பக்கவாட்டு மூடி) மேலேயே அச்சடித்திருப்பார்கள். வெளிச் சந்தை செட்டுகளில் பெயரே தெரியாத பேரிங் வரும். எண் சரியாக இருக்கும், அளவும் சரியாக இருக்கும். குறைபாடு சீலிலும் உள்ளே வைத்த கிரீஸிலும் இருக்கும்: சீலின் உதடு உள் ரேஸைத் தொடாமல் நிற்கும், கிரீஸ் பெயருக்கு ஒரு பொட்டு இருக்கும்.

மாற்றும்போது நம்பகமான கம்பெனியின் பேரிங்கை அங்கீகரித்த விற்பனையாளரிடம் வாங்குங்கள், போலிகள் நிறைய உலவுகின்றன. எண்ணின் பின்னொட்டைக் கவனித்துக் கேட்க வேண்டும். இருபுறமும் ரப்பர் சீல் உள் ரேஸைத் தொட்டபடி இருக்கும் வகைதான் இங்கே வேண்டும். பொதுவாக அதை 2ஆர்எஸ் என்பார்கள். என்எஸ்கே கம்பெனியில் அது டிடியூ, என்டிஎன் கம்பெனியில் எல்எல்யூ. விவி, எல்எல்பி என்று இருந்தால் அதுவும் ரப்பர் சீல்தான், ஆனால் தொடாத வகை. இசட்இசட் என்றால் வெறும் தகரத் தடுப்பு. கடையில் "எல்லாம் ஒன்றுதான்" என்பார்கள். ஈரப் புல்லும் தூசியும் பறக்கும் டெக்கில் ஒன்றல்ல. அசலில் சி3 (உள் தளர்வு சற்றுக் கூடுதல்) என்று குறிப்பு இருந்தால் புதியதும் சி3 ஆகவே இருக்கட்டும்.

பேரிங் ஏன் சாகிறது என்று தெரிந்தால் அடுத்தது நீடிக்கும். கீழ்ப் பேரிங்கைக் கொல்வது பிளேடுக்கு மேலே ஷாஃப்ட்டில் சுற்றிக்கொள்ளும் புல்லும் நைலான் நூலும். நூல் சீலின் உதட்டை அறுத்துக்கொண்டு உள்ளே போகும். மேல் பேரிங்கைக் கொல்வது தண்ணீர். டெக்கின் மேல்பக்கத்தை அழுத்தக் குழாயால் கழுவும்போது நீர் புல்லியின் நடுவழியாக இறங்கி சீலைத் தாண்டிவிடும். சூடாக இருக்கும் ஸ்பிண்டிலில் குளிர்ந்த நீர் பட்டால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி நீரை இழுத்துக்கொள்ளும். டெக்கின் மேலே காய்ந்த புல்லைத் தூரிகையாலோ காற்றாலோ தட்டிவிடுவதே நல்லது.

கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் அடிக்கும் முனை) இருக்கும் செட்டைப் பலர் கூடுதல் மதிப்பாக நினைத்து வாங்குகிறார்கள். பேரிங்கின் இரு பக்கமும் சீல் மூடியிருந்தால், நீங்கள் அடிக்கும் கிரீஸ் நடுக்குழியை மட்டும் நிரப்பும், பந்துகளை எட்டாது. அழுத்தம் அதிகமானால் சீலையே பிதுக்கித் தள்ளும். நிப்பிளைப் பயன்படுத்த வேண்டுமென்றால், ஹவுசிங்கின் உட்புறத்தைப் பார்க்கும் சீலை மட்டும் இரண்டு பேரிங்கிலும் கூரிய ஊசியால் நெம்பி எடுத்துவிட வேண்டும். வெளிப்புறச் சீல் அப்படியே இருக்கட்டும். இரண்டாம் எண் லித்தியம் காம்ப்ளெக்ஸ் கிரீஸ் போதும். பாலியூரியா கிரீஸ் அடைத்த பேரிங்கில் அதைக் கலக்காதீர்கள், பல வகைகள் ஒத்துக்கொள்ளாமல் இளகி ஓடிவிடும். நிப்பிளைக் கழற்றிப் பார்த்து, துளை உள்ளே வரை போகிறதா என்றும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஸ்பேசர்: யாரும் அளக்காத பாகம்

இந்த ஒரு குழாய்த் துண்டால்தான் புதுப் பேரிங் போட்ட ஸ்பிண்டில்கள் சில வாரங்களில் மறுபடி கத்துகின்றன. நட்டை இறுக்கும்போது அந்த விசை போகும் பாதையைப் பாருங்கள்: புல்லியின் நடுக்கட்டை, மேல் பேரிங்கின் உள் ரேஸ், ஸ்பேசர், கீழ்ப் பேரிங்கின் உள் ரேஸ், ஷாஃப்ட்டின் தோள். இந்த வரிசை முழுவதும் திடமாக ஒன்றோடொன்று முட்டி நின்றால் எவ்வளவு இறுக்கினாலும் பந்துகளுக்கு எதுவும் தெரியாது.

ஸ்பேசர் 0.2 மி.மீ. குட்டையாக இருந்தால்? வெளி ரேஸ்கள் ஹவுசிங்கின் தோளில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். நட் உள் ரேஸைக் கீழே இழுக்கும். நடுவில் மாட்டிய பந்துகள் ரேஸின் பள்ளத்தில் பக்கவாட்டில் ஏறி நசுங்கும். ஓட ஆரம்பித்த சில நிமிடங்களிலேயே ஹவுசிங் சுடும், கிரீஸ் உருகி வெளியே வழியும். ஸ்பேசரையே போட மறந்தாலும் இதே கதி, இன்னும் வேகமாக.

அளப்பது கடினமல்ல. டெப்த் வெர்னியரால் ஹவுசிங்கின் மேல் தோளுக்கும் கீழ்த் தோளுக்கும் இடைப்பட்ட தூரத்தை எடுங்கள். ஸ்பேசரின் நீளம் அதற்குச் சமமாகவோ, ஒரு மயிரிழை கூடுதலாகவோ இருக்க வேண்டும். குறைவாக இருக்கவே கூடாது. செட்டைப் பிரிக்காமல் சோதிக்க வேண்டுமானால் நட்டைத் தளர்த்தி ஷாஃப்ட்டைச் சுற்றிப் பாருங்கள், பிறகு முழு இறுக்கம் கொடுத்துச் சுற்றிப் பாருங்கள். இரண்டு முறையும் ஒரே மாதிரி சுற்ற வேண்டும். இறுக்கியதும் கனத்துப்போனால் ஸ்பேசர் குட்டை. லேத்தில் சரியான நீளத்துக்குப் புதுத் துண்டு கடைந்துகொள்வது நல்ல தீர்வு. மெல்லிய ஷிம் (தகட்டு வளையம்) வைத்தும் சரிக்கட்டலாம், ஆனால் அது உள் ரேஸில் மட்டும் பட வேண்டும். சீலையோ வெளி ரேஸையோ தொட்டால் ஒரு கோளாறு இரண்டாகும்.

பேரிங்கை ஏற்றும் முறையிலும் இதே நியாயம். ஹவுசிங்கில் ஏற்றும்போது வெளி ரேஸை மட்டும் அழுத்துங்கள், ஷாஃப்ட்டில் ஏற்றும்போது உள் ரேஸை மட்டும். தவறான ரேஸில் ஓங்கி அடித்தால் பந்துகள் ரேஸில் குழி பதித்துவிடும். அந்தப் பேரிங் புதியதாகவே உறுமும். அலுமினிய ஹவுசிங்கைச் சூடாக்கினால் சுத்தியலே வேண்டாம். 40 மி.மீ. துளை 80 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.07 மி.மீ. விரியும். ஹவுசிங்கை 100 டிகிரி செல்சியஸ் அளவுக்கு அடுப்பில் வைத்து, பேரிங்கை ஃப்ரீசரில் குளிரவைத்து எடுத்தால், நேராகப் பிடித்து விட்டதும் சொத்தென்று தானே அமர்ந்துவிடும். பழைய பேரிங் மண்வாணலி நிறமாகக் கருத்திருந்தால் துளையையும் ஷாஃப்ட்டையும் அளந்துவிடுங்கள், ரேஸ் இடத்திலேயே சுழன்றிருக்கக்கூடும். லாக்டைட் 641 போன்ற பேரிங் பிடிப்புப் பசை 0.1 மி.மீ.க்கு உட்பட்ட தளர்வைத் தாங்கும். அதற்கு மேல் என்றால் முழு செட் வாங்க அதுவே சரியான காரணம். துளைச்சுவரில் சென்டர் பஞ்சால் குத்திப் புடைக்கவைத்து ஏற்றும் வித்தையை மட்டும் செய்ய வேண்டாம். பேரிங் நாலைந்து முனைகளில் மட்டும் நின்று கோணலாக ஓடும்.

புல்லி

வி-பெல்ட் பிடிப்பது புல்லியின் பள்ளமான காடியின் இரு பக்கச் சுவர்களை. அடிப்பகுதியை அது தொடவே கூடாது. பழைய புல்லியின் காடி அடியில் பளபளப்பாக ஒரு வளையம் தெரிந்தால் சுவர்கள் தேய்ந்து பெல்ட் தரைதட்டிவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகு புது பெல்ட் போட்டாலும் வழுக்கும், சூடாகும், ஈரப் புல்லில் பிளேடு நின்று போகும். பெல்ட்டின் மேல்முகம் புல்லியின் விளிம்போடு சமமாகவோ சற்று மேலேயோ நிற்க வேண்டும்.

நடுத் துளைதான் இன்னும் முக்கியம். நட் தளர்ந்த நிலையில் சில நாள் ஓடியிருந்தால் புல்லியின் ஸ்ப்லைனும் (ஒன்றுக்குள் ஒன்று கோக்கும் பற்கள்) ஷாஃப்ட்டின் ஸ்ப்லைனும் ஒன்றையொன்று அரைத்திருக்கும். புல்லிக்கு அடியில் செம்பழுப்பு நிறத்தில் நைசான பொடி படிந்திருப்பது அதன் தடயம். அப்படி இருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். புதுப் புல்லியைத் தேய்ந்த ஷாஃப்ட்டில் மாட்டினால், எவ்வளவு இறுக்கினாலும் அது தன் துளையைத் தானே தின்றுவிடும்.

செட்டோடு வரும் புல்லி பெரும்பாலும் இரண்டு தகடுகளை அழுத்தி ஸ்பாட் வெல்டு அடித்தது. அதில் தவறில்லை, பல அசல் புல்லிகளும் அப்படித்தான். ஆனால் வெல்டு கோணலாக விழுந்திருந்தால் புல்லி ஆடும். ஷாஃப்ட்டில் மாட்டி இறுக்கி, விளிம்புக்குப் பக்கத்தில் ஒரு பென்சிலை அசையாமல் பிடித்துச் சுற்றினால் தெரிந்துவிடும். 1 மி.மீ.க்கு மேல் இடைவெளி மாறினால் நாங்கள் அதை ஏற்கமாட்டோம். விட்டமும் அசலோடு ஒத்திருக்க வேண்டும். 5 அங்குலப் புல்லிக்குப் பதில் 4.5 அங்குலம் போட்டால் பிளேடு வேகம் ஏறக்குறைய 11 சதவீதம் கூடும். அமெரிக்கத் தரநிலையான ஏஎன்எஸ்ஐ பி71.1 பிளேடு நுனிக்கு வைத்திருக்கும் எல்லை நிமிடத்துக்கு 19,000 அடி, அதாவது வினாடிக்கு 96.5 மீட்டர். 42 அங்குல டெக்கில் ஓடும் 21 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 3,450 சுற்று சுற்றினாலே அந்த எல்லையைத் தொட்டுவிடும். மிச்ச இடம் அங்கே கிடையாது. புல்லி விஷயத்தில் சந்தேகம் வந்தால் அசல் பாகத்துக்கே போங்கள். மூன்று வழிகளில் அசலுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது நியாயமாகப்படும் இடம் இதுதான்.

பூட்டும்போது

பல செட்டுகளில் ஹவுசிங்கின் துளைகளில் மரை இருக்காது. கூட வரும் போல்ட்டே மரையை வெட்டிக்கொண்டு இறங்க வேண்டும். டெக்கின் அடியில் படுத்துக்கொண்டு அதைச் செய்யாதீர்கள். ஹவுசிங்கை வைஸில் பிடித்து, போல்ட் நுனியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, நேராக நிறுத்தி, அரைச் சுற்று உள்ளே, கால் சுற்று வெளியே என்று கையால் வெட்டி, பிசிறை ஊதிவிட்டு, பிறகு டெக்கில் ஏற்றுங்கள். இம்பாக்ட் ரென்ச் இங்கே கூடாது. அலுமினியத்தில் மரை ஒரு நொடியில் உருவிக்கொண்டு வந்துவிடும். மரை போய்விட்டால், இடமிருக்கும் மாடல்களில் நீள போல்ட்டும் நைலாக் நட்டும் (தளராமல் பிடிக்கும் நைலான் வளைய நட்) போட்டு ஊடாக இறுக்குவது பலமான தீர்வு. டெக் தகட்டில் படிந்த துருவையும் காய்ந்த புல்லையும் சுரண்டி எடுத்த பிறகே ஹவுசிங் உட்கார வேண்டும். அடியில் மாட்டிய ஒரு துணுக்கு, பிளேடு நுனியில் பல மி.மீ. சாய்வாகத் தெரியும்.

புல்லி நட்டுக்கும் பிளேடு போல்ட்டுக்கும் டார்க் ரென்ச் எடுங்கள். அளவு மாடலுக்கு மாடல் மாறும். பிளேடு போல்ட்டுக்குப் பல மோவர்களில் 60 முதல் 120 நியூட்டன் மீட்டர் வரை சொல்லியிருக்கும். உங்கள் கையேட்டில் உள்ள எண்ணே கணக்கு. பிளேடு சுற்றாமலிருக்க டெக் விளிம்புக்கும் பிளேடுக்கும் நடுவே மரக்கட்டை கொடுங்கள். சில டெக்குகளில் இடது மரையும் உண்டு, திரும்பாத போல்ட்டை முறுக்கி ஒடிக்கும் முன் அதைப் பாருங்கள். கிண்ண வடிவ வாஷர் இருந்தால் அதன் குழிந்த பக்கம் பிளேடைப் பார்க்க வேண்டும்.

பெல்ட் மாட்டும் முன் இரண்டு புல்லிகளின் மேலும் நேரான பட்டை ஒன்றை வைத்துத் தளம் பாருங்கள். பெல்ட் காவல் கம்பிகள் பெல்ட்டைத் தொடாமல் 3 மி.மீ. அளவு தள்ளி நிற்கட்டும்.

ஒரு மணி நேரம் வெட்டிய பிறகு இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்து, பிளக் வயரைக் கழற்றிவிட்டு ஹவுசிங் போல்ட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். புதிதாக வெட்டிய மரை கொஞ்சம் தளர்வது இயல்பு. அப்போதே ஒவ்வொரு ஹவுசிங்கையும் புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். எல்லாமே இளஞ்சூடாக இருந்தால் கவலையில்லை. ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால் அதன் ஸ்பேசரைக் கழற்றி அளக்க வேண்டும். எல்லா ஸ்பிண்டிலும் மேல்பக்கத்தில் சுட்டால் பெல்ட் அளவுக்கு மீறி இழுக்கிறது: குட்டை பெல்ட் போட்டிருக்கிறார்கள், அல்லது ஐட்லர் ஸ்பிரிங்கைத் தவறான துளையில் மாட்டியிருக்கிறார்கள்.